உப்பும் கறுவாவும்: புத்தளக் கரையிலிருந்து ஒரு ரசாயன வரலாறு

1344இல் மாலைதீவிலிருந்து கப்பலேறிய இப்னு பதூதா வந்து இறங்கினது நம்ம புத்தளத்தில். அவர் எழுதிவைத்த பெயர் 'பத்தாலா'. மலையிலிருந்து வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவாக் கட்டைகள் கடலோரத்தில் குன்று குன்றாகக் கிடந்தனவாம். மலபாரிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் வருகிறவர்கள் விலை கொடுக்காமலே அள்ளிக்கொண்டு போவார்கள். பதிலுக்கு ஆரியச்சக்கரவர்த்திக்குத் துணிமணி கொடுப்பார்கள் என்றும் எழுதியிருக்கிறார்.

இன்றைக்குப் புத்தளம் என்றால் கறுவா யாருக்கும் ஞாபகம் வராது, உப்புத்தான். ஆனா இந்த இரண்டு சரக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. உப்பை மூக்கருகே கொண்டுபோனாலும் வாசமில்லை. கறுவாவைப் போத்தலில் அடைத்தாலும் மூடியைத் திறந்தவுடனே மணக்கும். ரசாயனக்காரர்கள் நூறு வருடத்துக்கும் மேலாகப் போட்ட சண்டை இந்த வித்தியாசத்துக்குள்ளேதான் இருக்கிறது.

உப்புக்கு விடை முதலில் கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடனின் பெர்சீலியஸ், பொருட்களைச் சேர்த்துப் பிடிப்பது நேர், மறை மின்னேற்றங்களின் ஈர்ப்பு என்றார். உப்புக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. அப்போ ஐதரசன் வாயு? 1811இலேயே அவகாதரோ, அதில் இரண்டிரண்டு அணுக்கள் சோடியாக இருக்கின்றன என்றார். இரண்டும் ஒரே சாதி அணு. எது நேர், எது மறை? அப்படியொரு சோடி இருக்கவே முடியாது என்பது பெர்சீலியஸின் கட்சி. அவர் பெயருக்கு இருந்த செல்வாக்கில், அவகாதரோ சொன்னது கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு மூலையில் கிடந்தது.

கட்சியை உடைத்தவர்களில் முக்கியமானவர் பிரான்சின் டூமா. வினாகிரியின் அமிலத்தில் 'நேர்' ஐதரசன் மூன்றைக் கழற்றிவிட்டு 'மறை' குளோரீனை வைத்தார். பெர்சீலியஸ் கணக்குப்படி எல்லாமே தலைகீழாகியிருக்க வேண்டும். கிடைத்ததோ மறுபடியும் ஓர் அமிலம், குணத்தில் பழசின் உறவுக்காரன். சுவாரஸ்யம் என்னவென்றால், 1834இல் பெலிகோவோடு சேர்ந்து கறுவா எண்ணெயிலிருந்து மணம் தரும் பொருளைப் பிரித்தெடுத்தவரும் இதே டூமாதான்.

மின்னேற்றம் இல்லையென்றால் வேறு எது பிடித்துவைக்கிறது? 1897இல் இலத்திரன் கண்டுபிடிக்கப்படும் வரைக்கும் யாரிடமும் பதில் இல்லை. 1916இல் இரண்டு பதில் வந்தது. ஜெர்மனியின் கோசல், ஓர் அணு இலத்திரனைக் கொடுக்கிறது, இன்னொன்று வாங்குகிறது என்றார். சோடியமும் குளோரீனும் அப்படித்தான். அமெரிக்காவின் லூயிஸ், இரண்டு அணுக்கள் ஒரு சோடி இலத்திரனைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம் என்றார். யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை. அந்தச் சோடி இரண்டு பேர் கணக்கிலும் வரும். 1919இல் லாங்மூர் வைத்த பெயர்தான் நம்ம பாடப்புத்தகத்தில் 'பங்கீட்டுவலு' ஆனது. பின்னால் லாங்மூருக்கு வேறொரு ஆய்வுக்காக நோபல் கிடைத்தது. பலமுறை பரிந்துரைக்கப்பட்ட லூயிசுக்கு ஒருதடவைகூட இல்லை. என்னைக் கேட்டால் அது அநியாயம்.

இப்போ மணத்துக்கு வருவோம். கறுவாவின் மூலக்கூறில் 9 காபன், 8 ஐதரசன், 1 ஒட்சிசன். எல்லாம் சோடி இலத்திரன்களால் உள்ளுக்குள்ளே இறுக்கமாகக் கட்டப்பட்டவை. ஆனா ஒரு மூலக்கூறுக்கும் பக்கத்து மூலக்கூறுக்கும் இடையில் பிடி தளர்வு. அதனால் முழுசாகக் கழன்று, காற்றில் ஏறி மூக்குக்கு வருகிறது. உப்பில் தனி மூலக்கூறே கிடையாது. ஒவ்வோர் அயனையும் சுற்றியுள்ள எதிர் அயன்கள் பிடித்திருக்கின்றன. அதை உருக்கவே 801 பாகை செல்சியஸ் வேண்டும். பங்கீட்டுப் பிணைப்பு 'பலவீனமானது' என்று மனப்பாடம் செய்கிறோமே, பலவீனம் பிணைப்பில் இல்லை, மூலக்கூறுகளுக்கு இடையில்.

இன்னொன்று: 'கொடுத்தல்', 'பங்கிடல்' என்று இரண்டு தனிப் பெட்டி போட்டதை லூயிஸ் ஏற்கவில்லை. ஒன்றிலிருந்து மற்றதுக்குப் படிப்படியாகப் போகலாம் என்பது அவர் வாதம். உப்பளத்திலேயே இரண்டும் கலந்த சாமான் ஒன்று உண்டு. கடல்நீர் வற்றும்போது உப்புக்கு முன்னாடியே பாத்தியின் அடியில் படிகிற ஜிப்சம். அதற்குள் கந்தகமும் நாலு ஒட்சிசனும் இலத்திரனைப் பங்கிட்டு ஒரு கூட்டமாக நிற்கின்றன. அந்தக் கூட்டத்தைக் கல்சியத்தோடு பிடித்துவைப்பது, பெர்சீலியஸ் சொன்ன அதே மின்னீர்ப்பு.