துணைநிரலும் அதன் காலமும்: 'கோடி' செய்நிரலை முன்வைத்து ஒரு நோக்கு

ஒரு கருவியின் வரலாற்றை அதனை வெளியிட்ட நிறுவனத்தின் வரலாறாக மட்டும் நோக்குதல் குறைபாடுடையது. இல்லங்களில் திரைப்படமும் இசையும் நுகரப் பயன்படும் 'கோடி' என்னும் செய்நிரலின் வளர்ச்சி இதற்குத் தக்க சான்றாகும்.

மைக்ரோசொவ்ற் நிறுவனம் 2001இல் வெளியிட்ட எக்ஸ்பொக்ஸ் விளையாட்டுப் பொறியை ஊடகப் பொறியாக மாற்றத் தன்னார்வ நிரலாளர் சிலர் முனைந்தனர். அம்முயற்சி 2004இல் எக்ஸ்பொக்ஸ் மீடியா சென்ரர் என்னும் பெயருடன் வெளிவந்தது. பின்னர் லினக்ஸ் முதலான தளங்களுக்கும் பரவி, 2014இல் 'கோடி' எனப் பெயர் மாறியது.

இவ்வளர்ச்சியில் 2010 டிசெம்பரில் வெளிவந்த 'தர்மா' பதிப்பு ஒரு திருப்புமுனை எனலாம். அதுவரை தனித்தனியே கிடந்த பைதன் நிரல்களும் தோற்ற அமைப்புகளும் ஒரே துணைநிரல் முறையினுள் ஒழுங்குபடுத்தப்பட்டன. ஒவ்வொரு துணைநிரலும் தன் அடையாளம், பதிப்பு, தான் சார்ந்திருக்கும் பிற நிரல்கள் ஆகியவற்றை ஒரு விவரக் கோப்பில் அறிவித்தல் வேண்டும். பிழை நேரின், இயக்கம் எந்நிரலின் எவ்வரியில் தடைப்பட்டது என்பதைப் பதிவுக் கோப்புக் காட்டும்.

ஆயினும், பிழைகள் யாவும் நிரலின் உள்ளிருந்தே தோன்றுவனவல்ல. பைதன் 2இற்கான ஆதரவு 2020 சனவரியில் முடிவுற்றது. 2021 பெப்ரவரியில் வெளிவந்த 'மேற்றிக்ஸ்' என்னும் 19ஆம் பதிப்பு பைதன் 3ஐ மட்டுமே ஏற்றது. எழுத்தையும் பைற்றையும் வேறுபடுத்தாது எழுதப்பட்ட பழைய நிரல்கள் பல அதில் இயங்கவில்லை. ஒரு சொல்லும் மாறாத நிரல், தன்னைச் சூழ்ந்த உலகு மாறியமையாற் பிழையுடையதாயிற்று. பராமரிப்போர் இருந்தவை திருத்தம் பெற்றன, கைவிடப்பட்டவை வழக்கொழிந்தன.

இத்தகைய பொதுச் சொத்துக்கள் பெரும்பாலும் ஊதியமின்றி உழைப்போரின் ஓய்வுநேரத்திலேயே நிலைபெறுகின்றன. ஆகவே, ஆக்கியோனைப் போற்றும் வரலாறு திருத்துவோனையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.