கல்லில் கண்டெடுத்து கல்லுக்கே போன எழுத்து

லத்தீன் அச்செழுத்தில் நெடுங்காலமாக இரண்டு பெரிய வகைகள் உண்டு. ஒன்று, கோட்டின் நுனியில் சின்னப் பாதம் வைத்தது. அந்தப் பாதத்துக்குப் பெயர் செரிஃப். அதில் தடித்த கோடும் மெல்லிய கோடும் கலந்து வரும். மற்றது பாதமில்லாதது, அதில் அநேகமாக எல்லாக் கோடும் ஒரே தடிப்பு. பாதம் வேண்டாம், தடிப்பும் மெலிவும் மட்டும் இருக்கட்டும் என்று எழுத்து வரைந்தவர்களில் பெயர் பெற்றவர் ஜேர்மனியின் ஹேர்மன் ஸாப் (1918–2015). அந்த எழுத்தின் பெயர் ஒப்டிமா.

1950இல் ஸாப் இத்தாலிக்குப் போனார். புளோரன்ஸ் நகரின் சாந்தா குரோச்சே தேவாலயத் தரையில் பழைய கல்லறைக் கற்கள் பதிந்திருக்கின்றன. நம்மட மீஸான் கல் எழுந்து நிற்கும். இவை நிலத்தோடு படுத்தவை. அவற்றில் சிலவற்றின் எழுத்துக்குப் பாதமில்லை, ஆனால் அழகு குறையவுமில்லை. வரைந்துகொள்ளக் கையில் கடதாசி தீர்ந்துபோயிருந்தது. விடுவாரா மனுஷன்? பையிலிருந்த 1000 லீரா நோட்டிலேயே வரைந்துகொண்டார்.

தலைப்பு போன்ற பெரிய எழுத்துக்குத்தான் முதலில் இதை எண்ணியிருந்தார். புத்தகத்துக்கும் ஏற்றதாக ஆக்கலாம் என்று 1954இல் நியூயோர்க் நவீன கலைக் காட்சியகத்தின் மொன்ரோ வீலர் சொல்ல, அளவுகளை மாற்றி வரைந்தார். 1958இல் ஸ்டெம்பெல் எழுத்து வார்ப்பகம் அதை வெளியிட்டது. 'ஒப்டிமா' என்பது விற்பனைக்காரர் வைத்த பெயர். ஸாபுக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை.

இதே காலத்தில், 1956இல், 'அல்-அஹ்ராம்' என்ற அரபு அச்செழுத்தையும் அவர் வரைந்திருக்கிறார். பிற்காலத்தில் லெபனானைச் சேர்ந்த நதீன் ஷாஹீனோடு சேர்ந்து அதிலிருந்து 'பலட்டீனோ அரபு' எழுத்தை உருவாக்கினார். சாய்வாகச் சீவிய நாணல் கலம் திரும்பும் பக்கத்துக்கேற்பக் கோடு தடிக்கும், மெலியும். அரபு எழுத்தின் அழகில் பெரும்பங்கு அந்தக் கோட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒப்டிமா அரபிலிருந்து வந்ததல்ல. அதன் மூலம் புளோரன்ஸ் கல்தான். என்றாலும் அதன் அழகும் கோட்டுக்குள் இருக்கும் அழகுதான். அரபு எழுத்து பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அந்நியமாய்ப் படாது.

கல்லறையில் கண்ட எழுத்து, பிறகு இறந்தவர்களுக்கே பயன்பட்டது. மாயா லின் வடிவமைத்து 1982இல் வொஷிங்டனில் திறந்த வியட்நாம் போர் நினைவுச் சுவரில், 57,000க்கும் மேற்பட்ட பெயர்கள் கறுப்புக் கருங்கல்லில் ஒப்டிமாவில் பொறிக்கப்பட்டன. பதவியுமில்லை, பட்டமுமில்லை. வெறும் பெயர்.

2011இல் நியூயோர்க்கில் திறந்த செப்டெம்பர் 11 நினைவிடத்திலும் இதே எழுத்துத்தான். வெண்கலத்தில் வெட்டிய 2,983 பெயர்கள். அவற்றில் முஸ்லிம்களின் பெயர்களும் இருக்கின்றன. அந்த நாளுக்குப் பிறகு உலகெங்கும் முஸ்லிம் பெயர் ஒன்றைக் கேட்டாலே சிலர் முகம் சுளித்தார்கள். அந்த வெண்கலத்தில் அப்படியொரு வித்தியாசம் இல்லை. பக்கத்துப் பெயருக்கு என்ன எழுத்தோ, அதே எழுத்து. என்ன அளவோ, அதே அளவு.