ஹைட்ரைடு மீக்கடத்திகள்

ஹைட்ரஜன் செறிந்த சில சேர்மங்களை வளிமண்டல அழுத்தத்தைப் போல் பல லட்சம் மடங்கு அழுத்தத்தில் நசுக்கினால், மற்ற மீக்கடத்திகளைவிட மிக உயர்ந்த வெப்பநிலையிலேயே அவற்றின் மின்தடை மறைந்துவிடுகிறது. பாதரசத்தில் 1911-இல் காமர்லிங் ஓனஸ் இப்பண்பைக் கண்டபோது மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் குளிர் தேவைப்பட்டது. நம் மருத்துவமனைகளின் எம்.ஆர்.ஐ. காந்தங்களும் பெரும்பாலும் திரவ ஹீலியத்தின் குளிரில்தான் இயங்குகின்றன. அந்தக் குளிரூட்டும் செலவு இல்லாத மீக்கடத்திக்கான தேடல் இது.

இலேசான அணு வேகமாக அதிரும். அந்த அதிர்வே எலக்ட்ரான்களை இணை சேர்த்து மீக்கடத்தலை உண்டாக்குகிறது. எனவே உலோகமாக மாறிய ஹைட்ரஜன் உயர் வெப்பநிலையில் மீக்கடத்தும் என்று நீல் ஆஷ்கிராஃப்ட் 1968-இல் கணித்தார். வேறு தனிமத்தோடு சேர்ந்த ஹைட்ரஜனுக்குக் குறைந்த அழுத்தமே போதும் என்று 2004-இல் அவரே வழியும் காட்டினார்.

இந்த அழுத்தத்தைத் தரும் கருவி உள்ளங்கையில் அடங்கிவிடும். முனை மட்டமாகத் தேய்த்த இரு வைரங்கள் எதிரெதிரே நிற்கும். நடுவே ஓர் உலோகத் தகடு, அதில் தலைமயிர்ப் பருமன்கூட இல்லாத துளை, துளைக்குள் மாதிரி. திருகாணியை முடுக்க முடுக்க அழுத்தம் ஏறும். வைரங்கள் அடிக்கடி உடைந்துபோகும்.

2015-இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் மிகயீல் எரமெட்ஸ் குழுவினர், அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடை 15 லட்சம் மடங்கு அழுத்தி, மைனஸ் 70 டிகிரியில் மீக்கடத்தலைக் கண்டனர். 2019-இல் லாந்தனம் ஹைட்ரைடில் மைனஸ் 23 டிகிரியை எட்டினர். அமெரிக்காவில் மத்தூரி சோமயாஜுலு, ரஸ்ஸல் ஹெம்லி குழுவினரும் அதே சேர்மத்தில் மைனஸ் 13 டிகிரியில் அதற்கான அறிகுறியைக் கண்டனர்.

இத்துறையின் பெரிய சர்ச்சை, கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் பணியாற்றிய ரங்க டயஸைச் சுற்றியது. கார்பன், கந்தகம், ஹைட்ரஜன் சேர்ந்த பொருள் 15 டிகிரியில் மீக்கடத்துகிறது என்று 2020-இல் அவர் குழு அறிவித்தது. 2023-இல் லுட்டீசியம் ஹைட்ரைடுக்கு 21 டிகிரியும், வெறும் 10 ஆயிரம் மடங்கு அழுத்தமும் போதும் என்றது. மின்தடை மறைந்ததைக் காட்டினால் மட்டும் போதாது. மாதிரி காந்தப்புலத்தை வெளியே தள்ளவும் வேண்டும். இவ்வளவு சிறிய மாதிரியின் காந்தக் குறி, கருவியின் சொந்தக் குறியில் மூழ்கிவிடும். அதைக் கழித்த முறையே முதல் கட்டுரையில் கேள்விக்குள்ளானது. ‘நேச்சர்’ இதழ் 2022-இல் அதைத் திரும்பப் பெற்றது. அடுத்த ஆண்டு, 11 ஆசிரியர்களில் 8 பேர் கேட்டுக்கொண்டதால் இரண்டாவதையும் திரும்பப் பெற்றது. பல்கலைக்கழக விசாரணை ஆய்வு முறைகேடு நடந்ததாக முடிவு செய்தது; டயஸ் மறுத்தார். அறிவிப்பின் பரபரப்பைவிட, வேறொரு ஆய்வகத்தில் மீண்டும் கிடைக்கும் அதே முடிவே இங்கு பெரிய சான்று.

லாந்தனம் ஹைட்ரைடின் சாதனை 17 லட்சம் மடங்கு அழுத்தத்தில் கிடைத்தது. அழுத்தத்தைத் தளர்த்தினால் அந்தச் சேர்மம் நிலைப்பதில்லை. அதைக் கம்பியாக இழுக்க இன்னும் வழியில்லை.