கப்பலில் இராச்சாப்பாட்டுக்கு என்ன உடுப்பு?

ரொறொன்ரோவில் இருக்கிற அக்காவுக்கும் அத்தானுக்கும் கலியாணம் முடிந்து இருபத்தைந்து வருசம். பிள்ளைகள் மூன்று பேரும் காசு சேர்த்துக் கப்பல் பயணம் ஒன்றுக்கு ரிக்கற் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். போன கிழமை அத்தான் ரெலிபோன் எடுத்தார்.

"தம்பி, நீர் பாரிசிலை றெஸ்ரோறண்டிலைதானே வேலை செய்யிறீர். இவங்கள் ஒரு தாள் அனுப்பியிருக்கிறாங்கள். ரெண்டு இரவு போர்மல் எண்டு போட்டிருக்கு. கோட்டுச் சூட்டுப் போடாட்டிச் சாப்பாடு தரமாட்டாங்களோ?"

நான் நிற்பது குசினியில். முன்பக்கத்தில் யார் என்ன உடுத்திக்கொண்டு வருகிறார்கள் என்பது கழுவ வருகிற கோப்பைகளைப் பார்த்துத் தெரியாது. ஆனால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படிக்கப்போய் இரண்டாம் வருசத்தோடு வெளிக்கிட்டவன் நான். ஒன்றைக் கேட்டால் அது எங்கே தொடங்கினது என்று கிண்டாமல் விட ஏலாது. அத்தானுக்கு ஐந்து நிமிசத்தில் மறுமொழி சொல்லிவிட்டேன். மிச்சம் உங்களுக்கு.

அவருக்குச் சொன்னது இதுதான். கறுப்பு அல்லது கடும் நீலச் சூட், வெள்ளைச் சேட், ஒரு ரை. அனேகமான கப்பல்களில் இது போதும். குனார்ட் போன்ற பழைய கம்பனிகள் இன்னும் பெரிய இரவு விருந்துகளை வைத்திருக்கின்றன. அங்கேகூடக் கறுத்தச் சூட்டும் ரையும் போட்டால் உள்ளே விடுவார்கள். ஒன்றும் வேண்டாம் என்றால் பபே சாப்பாட்டுப் பக்கம் போகலாம், யாரும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. நோர்வீஜியன் கம்பனி 2000ஆம் ஆண்டிலேயே இந்தக் கட்டாயத்தை எல்லாம் தளர்த்தி, விரும்பின நேரம் விரும்பின உடுப்போடு வாருங்கள் என்று விளம்பரம் செய்யத் தொடங்கிவிட்டது.

"பட்டு வேட்டி சால்வையோடை போகலாமோ?" என்று அத்தான் பகிடியாகக் கேட்டார். நான் பகிடியாக எடுக்கவில்லை. அவரவர் நாட்டுத் தேசிய உடையை விருந்து உடுப்பாக ஏற்கிற கப்பல்கள் இருக்கின்றன. ஸ்கொட்லாந்துக்காரன் பாவாடை கட்டிக்கொண்டு வரலாம் என்றால் வேட்டிக்கு என்ன குறை? 2014இல் சென்னையில் கிரிக்கெட் சங்கத்தின் கிளப் ஒன்று, வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதியையே வாசலில் மறித்துத் திருப்பி அனுப்பியது. பிறகு அதற்காகத் தமிழ்நாட்டுச் சட்டசபை தனிச் சட்டம் போடவேண்டி வந்தது. வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன கதவை அவனைவிடக் கவனமாகக் காவல் காப்பது நம்மாட்கள்தான்.

சரி, இந்த உடுப்பு எங்கேயிருந்து வந்தது?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பெரிய வீடுகளில் இராச்சாப்பாட்டுக்கு ஆம்பிளைகள் போட்டது வால் கோட்டும் வெள்ளைப் போ ரையும். வால் கோட்டோடு கதிரையில் வசதியாக இருக்க ஏலாது. 1865இல் வேல்ஸ் இளவரசர், பிறகு ஏழாம் எட்வேர்ட் மன்னரானவர், தன் சொந்த வீட்டுச் சாப்பாட்டுக்கு வால் இல்லாத கட்டைக் கோட்டு ஒன்றைத் தைப்பித்தார். தைத்த ஹென்றி பூல் கடைக்காரர் அதைத்தான் இன்றைய டின்னர் ஜக்கெற்றின் தொடக்கம் என்கிறார்கள். 1880களில் அது நியூயோர்க்குக்குப் பக்கத்தில் ரக்சீடோ பார்க் என்ற பணக்காரக் குடியிருப்புக்குப் போனது. அமெரிக்கர் அந்த ஊரின் பெயரையே கோட்டுக்கு வைத்துவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர் இதை 'ஸ்மோக்கிங்' என்பார்கள். பாரிசுக்கு வந்த புதிதில் கடையொன்றின் கண்ணாடியில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டுச் சுருட்டுக்கடை என்றுதான் நினைத்தேன்.

கவனித்தீர்களோ, இன்றைக்கு நாங்கள் பெரிய மரியாதை உடுப்பு என்று பயப்படுகிற சாமான், பிறந்தபோது வீட்டுக்குள் சாறத்தோடு இருக்கிற மாதிரியான ஒரு வசதி உடுப்பு.

கப்பலுக்குள் இந்தப் பழக்கம் முதல் வகுப்பு வழியாக வந்தது. அத்திலாந்திக்கைக் கடக்க ஒரு கிழமை. பணக்காரனுக்கு வேறு வேலை இல்லை. பின்னேரம் பியூகிள் ஊதினால் கபினுக்குப் போய் உடுப்பு மாற்றிக்கொண்டு வருவதுதான் அன்றைய நாளின் பெரிய அலுவல். முதல் இரவும் கடைசி இரவும் மட்டும் மாற்றத் தேவையில்லை. முதல்நாள் பெட்டி பிரிக்கவில்லை, கடைசிநாள் பெட்டி கட்டியாயிற்று. 1935இல் பயணிகளை ஏற்றி ஓடத் தொடங்கிய நோர்மண்டி என்ற பிரெஞ்சுக் கப்பலில் முதல் வகுப்புச் சாப்பாட்டு மண்டபம் 93 மீற்றர் நீளம், ஒரே நேரத்தில் 700 பேர் இருக்கலாம். வாசலிலிருந்து படியால் இறங்கி வரவேண்டும். எல்லாரும் பார்க்கத்தான் படி.

கிழக்கு நோக்கி வந்த கப்பல்களில் வெயில் இந்தச் சட்டத்தைக் கொஞ்சம் வளைத்தது. செங்கடல் வெக்கையில் கம்பளிக் கோட்டுப் போட்டுச் சாப்பிட்டால் மனிசன் அவிந்துபோவான். கோட்டைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சேட்டும் இடுப்பில் ஒரு பட்டியுமாகச் சாப்பிட வருவதை 'செங்கடல் உடுப்பு' என்றார்கள். அந்தக் கமர்பண்ட் பட்டியும் வெள்ளைக்காரனின் சொந்தச் சரக்கில்லை. பாரசீகச் சொல், இந்தியாவில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகள் எங்கள் பக்கத்து ஆட்களைப் பார்த்துக் கட்டிக்கொண்டது.

குசினிக்காரனாக எனக்கு எப்போதும் உறுத்துகிற விசயம் வேறு. வால் கோட்டுக் காலத்தில் பெரிய இடங்களில் பரிமாறுகிறவனுக்கும் அதே கறுப்பு வால் கோட்டுத்தான். விருந்தாளியை வெயிற்றர் என்று நினைத்துச் சாப்பாடு கேட்ட பகிடிகள் அந்தக் காலத்தில் நிறைய. வித்தியாசம் கழுத்தில் இருக்கிற துணியின் நிறத்தில் இருந்தது. வால் கோட்டுக்கு வெள்ளை ரை கட்டினால் துரை, கறுப்பு ரை கட்டினால் வீட்டு வேலைக்காரன். இரண்டு விரல் அகலத் துணிதான், ஆனால் எந்தக் கதவால் யார் போகலாம் என்பதை அதுதான் சொல்லும்.

அந்தக் கதவு எவ்வளவு பெரிய கதவு என்பது 1912 ஏப்ரல் 14 இரவு ரைற்றானிக்கில் தெரிந்தது.

அந்தக் கப்பலில் முதல் வகுப்புக்காரருக்கு, ரிக்கற்றோடு வருகிற சாப்பாட்டு மண்டபத்தைவிடத் தனியாகக் காசு கொடுத்துச் சாப்பிட ஒரு றெஸ்ரோறண்ட் இருந்தது. அன்றிரவு கப்ரினுக்கு விருந்து நடந்ததும் அங்கேதான். லூய்ஜி கற்றி என்ற இத்தாலியர் குத்தகைக்கு நடத்தினார். சமையல்காரர், வெயிற்றர், கோப்பை கழுவுகிறவர் என்று அறுபதுக்கு மேற்பட்ட ஆட்கள், அனேகமாக இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும். கப்பல் கம்பனியின் மாலுமிகளும் இல்லை, பயணிகளும் இல்லை. நடுவில் தொங்கின கூட்டம். தப்பினது மூன்று பேர். அதில் இரண்டு பேர் காசு வாங்குகிற பெண்கள்.

மூன்றாமவர் போல் மோஜே, குசினிக் கணக்கு எழுதுகிற பிரெஞ்சுக்காரர். லண்டனில் நடந்த விசாரணையில் அவர் கொடுத்த வாக்குமூலம் அச்சில் இருக்கிறது. றெஸ்ரோறண்ட் ஆட்களைக் கப்பல் ஸ்ருவேட்டுகள் மேல்தளத்துக்கு ஏற விடவில்லை என்கிறார். நீங்கள் எப்படிப் போனீர்கள் என்று கேட்கிறார்கள். தானும் பெரிய சமையல்காரரும் வேலை உடுப்பில் இருக்கவில்லை, சாதாரண உடுப்புப் போட்டிருந்தோம், அதனால் விட்டார்கள் என்கிறார். மற்றச் சமையல்காரர் அங்கேயே நின்றுவிட்டார்கள். மோஜே இறங்கிக்கொண்டிருந்த வள்ளத்துக்குள் குதித்தார். பெரிய சமையல்காரரையும் குதிக்கச் சொல்லிக் கூப்பிட்டார். அவர் உடம்பு பருத்தவர், குதிக்கவில்லை.

இந்தப் பக்கத்தை வாசித்தபோது எங்கள் கடையில் வேலை முடித்து வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் கொழுவுகிற நேரம் ஞாபகத்துக்கு வந்தது. அந்த இரவு அவர்கள் கொழுவ நேரம் கிடைக்காத ஆட்கள்.

பென்ஜமின் குகன்ஹைம் என்ற கோடீஸ்வரர் உயிர்காப்பு அங்கியைக் கழற்றிவிட்டு, தன் உதவியாளோடு விருந்து உடுப்புப் போட்டுக்கொண்டு சாவை எதிர்கொண்டார் என்று தப்பிய ஸ்ருவேட் ஒருவர் சொன்னார். அது படங்களில் வந்து எல்லாருக்கும் தெரியும். குசினிக்காரரின் கதையைப் படம் எடுத்தவர்கள் அவ்வளவாகத் தேடவில்லை.

இன்னொரு கோட்டின் கதையும் இருக்கிறது. கப்பல் தாழும்போது வாசித்துக்கொண்டு நின்ற எட்டு இசைக்கலைஞரில் ஒருவர் ஜொக் ஹியூம், ஸ்கொட்லாந்தின் டம்பிறீஸ் ஊர்ப் பெடியன், 21 வயது, வயலின். அவர்களை வேலைக்கு எடுத்தது லிவர்பூலில் இருந்த ஒரு முகவர் கம்பனி. கப்பலில் இரண்டாம் வகுப்புப் பயணிகளாகத்தான் பதிவு. ஆகவே நட்டஈடு என்று வந்தபோது, எங்கள் ஊழியர் இல்லை என்று கப்பல் கம்பனி கைவிரித்தது. ஹியூமின் உடல் கடலில் கிடைத்தபோது பச்சைப் பட்டி வைத்த சீருடைக் கோட்டு உடம்பிலேயே இருந்தது. ஹலிபக்சில் அடக்கம் செய்தார்கள்.

ஏப்ரல் 30ஆம் திகதி, கப்பல் தாண்டு பதினைந்தாம் நாள், அந்த முகவர் கம்பனி தகப்பனுக்குக் கடிதம் எழுதியது. மகனின் சீருடைக் கணக்கு இன்னும் தீர்க்கப்படவில்லையாம், 14 ஷிலிங் 7 பென்ஸ் அனுப்பி வைக்கவும். பட்டியலில் கோட்டில் குத்துகிற யாழ்ச் சின்னமும் இருந்தது, பொத்தான் தைத்த கூலியும் இருந்தது. அந்தக் கடிதத்தை இசைக்கலைஞர் தொழிற்சங்கம் தன் பத்திரிகையில் அப்படியே அச்சடித்துப் போட்டது.