கடுகளவு எண்ணெய்

பழைய மோட்டார் சைக்கிள்களைப் பழுதுபார்க்கும் பட்டறைகளில் நீங்கள் ஓர் அறிவுரையைக் கேட்டிருக்கலாம். "ஆயில் பம்பை நம்பாதீங்க. கழற்றிப் போட்டுட்டு பெட்ரோல்லயே ஆயிலைக் கலந்து ஊத்துங்க." டூ-ஸ்ட்ரோக் என்று நாம் சொல்லும் இரு வீச்சு எஞ்சின் வண்டிகளை விருதுநகர், சிவகாசிப் பகுதியிலும் பலர் ஆசையோடு காப்பாற்றி வருகின்றனர். அவர்களில் சிலர் இந்த அறிவுரையை ஏற்றுப் பம்பை நீக்கிவிடுகின்றனர். இது சரியான முடிவுதானா? விடை காண வேண்டுமானால், அந்தப் பம்பு எதற்காகப் பிறந்தது என்பதை முதலில் அறிய வேண்டும்.

எண்ணெய் தேங்க இடமில்லாத எஞ்சின்

மாட்டு வண்டியின் அச்சுக்கு விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து மை போட்ட காலம் ஒன்று உண்டு. உராயும் இரு பரப்புகளுக்கு இடையே மெல்லிய படலம் ஒன்று நின்றால் தேய்வும் சூடும் குறையும். அச்சுக்குப் பொருந்தும் இவ்விதி எஞ்சினுக்கும் பொருந்தும். நான்கு வீச்சு எஞ்சினில் மசகு எண்ணெய் தனியாகத் தேங்கி நின்று, திரும்பத் திரும்பப் பயன்படுகிறது.

இரு வீச்சு எஞ்சினின் கதை வேறு. 1889ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பாத் நகரில் ஜோசப் டே என்பவர், பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் அறையையே ஒரு காற்றுப் பம்பாகப் பயன்படுத்தும் எஞ்சினை வகுத்தார். அவரிடம் பணிபுரிந்த ஃபிரெடரிக் காக் 1892இல் அதைத் திருத்தியபின், பிஸ்டனே மேலும் கீழும் சென்று வாயில்களைத் திறந்து மூடியது, வால்வுகள் வேண்டாதனவாயின. அமைப்பு எளிது; விலையும் குறைவு.

ஆனால் இந்த எளிமைக்கு ஒரு விலை இருந்தது. பெட்ரோலும் காற்றும் கிராங்க் அறை வழியாகவே செல்வதால், அங்கே எண்ணெயைத் தேக்கி வைக்க முடியாது. உள்ளே செல்லும் எண்ணெய் ஒருமுறை வழுவழுப்பைத் தந்துவிட்டுப் பெரும்பாலும் எரிந்து, புகையோடு வெளியேறிவிடும். ஆகவே எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் புதிய எண்ணெய் வந்துகொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு வர வேண்டும்? இந்த ஒரு கேள்விக்கு விடை தேடியதே எண்ணெய் பம்பின் வரலாறு.

சுற்று ஒன்றுக்கு எவ்வளவு?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்கிறது; எஞ்சின் நிமிடத்திற்கு 5000 முறை சுற்றுகிறது; லிட்டருக்கு 40 கி.மீ. ஓடுகிறது என்று கொள்வோம். ஒரு நிமிடத்தில் வண்டி செல்வது 1 கி.மீ.; செலவாகும் பெட்ரோல் 25 மி.லி. அதில் 25இல் ஒரு பங்கு எண்ணெய் என்றால் 1 மி.லி., அதாவது 1000 கன மி.மீ. இதை 5000 சுற்றுகளுக்குப் பங்கிட்டால், சுற்று ஒன்றுக்கு 0.2 கன மி.மீ. கிடைக்கும். 1.5 மி.மீ. விட்டமுள்ள ஒரு கடுகின் பருமன் ஏறத்தாழ 1.8 கன மி.மீ. ஆகவே எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் கேட்பது கடுகில் ஒன்பதில் ஒரு பங்கு எண்ணெய்தான்!

இவ்வளவு சிறிய அளவு தவறினால் என்ன என்று எண்ண வேண்டாம். 50 மி.மீ. விட்டமுள்ள ஓர் அலுமினியக் கலவைப் பிஸ்டன் 100 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால், அதன் விட்டம் சுமார் 0.10 மி.மீ. பெருகும். அதே அளவு சூடேறும் வார்ப்பிரும்புச் சிலிண்டர் 0.055 மி.மீ. மட்டுமே பெருகும். இரண்டுக்கும் இடையே விடப்படும் இடைவெளியோ ஒரு மி.மீ.இன் நூறில் சில பங்குகளே. எண்ணெய்ப் படலம் அற்றால் உராய்வு மிகும்; உராய்வு மிகுந்தால் சூடு மிகும்; சூடு மிகுந்தால் பிஸ்டன் பெருத்துச் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். இதையே மெக்கானிக்குகள் 'சீஸ்' என்பர். ஓடும் வண்டியில் இது நேர்ந்தால் பின்சக்கரம் திடீரெனப் பூட்டிக்கொள்ளக்கூடும். அப்போது ஓட்டுபவரின் உயிருக்கே ஆபத்து.

சொட்டும் கலவையும்

தொடக்க கால மோட்டார் சைக்கிள்களில் எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழும் குழாய்களோ, ஓட்டுபவரே அவ்வப்போது அழுத்தும் கைப்பம்புகளோ இருந்தன. சொட்டும் முறையில் ஒரு குறை உண்டு. எண்ணெயின் பாகுநிலை வெப்பத்தைப் பொறுத்து மாறும். குளிர்ந்த காலையில் கெட்டியாக மெல்ல விழும் எண்ணெய், நம் ஊர் மதிய வெயிலில் நீர்த்து வேகமாக விழும். கைப்பம்பிலோ, ஓட்டுபவரின் மறதியே எஞ்சினுக்கு எமன்.

அடுத்து வந்தது பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலக்கும் முறை. பம்பு வேண்டாம், குழாய் வேண்டாம். லிட்டருக்கு 50 மி.லி. என்று அளந்து ஊற்றினால் 20க்கு 1 என்ற விகிதம் கிடைத்துவிடும். இதனால்தான் இம்முறை உலகெங்கும் பரவியது. 1961 முதல் மைசூரில் தயாரான ஜாவா வண்டிகளும், 1980இல் ஓசூரில் பிறந்த டி.வி.எஸ். 50 மொபெட்டும் இவ்வழியிலேயே ஓடின.

ஆனால் இந்த விகிதம் மாறாதது. நின்றபடி மெல்ல ஓடும் எஞ்சினுக்கும், இருவரை ஏற்றிக்கொண்டு மேடு ஏறும் எஞ்சினுக்கும் ஒரே கலவைதான். மேட்டுக்கு வேண்டிய அளவில் கலந்தால், நிற்கும்போது வீண் புகை. இதைவிடப் பெரிய குறை இறக்கத்தில் தெரியும். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு நோக்கி இறங்குகிறீர்கள். திராட்டிலை மூடி, கியரிலேயே வண்டியை விடுகிறீர்கள். எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது. ஆனால் பெட்ரோல் மிகக் குறைவாகவே உள்ளே செல்கிறது. பெட்ரோல் குறைந்தால் அதில் கலந்த எண்ணெயும் குறையும் அன்றோ?

அளந்து தரும் பம்பு

இக்குறையைப் போக்க முயன்றோர் பலர். இங்கிலாந்தின் வெலோசெட் நிறுவனம் 1930களிலேயே தன் 'ஜி.டி.பி.' வண்டியில், திராட்டிலோடு இணைந்து இயங்கும் எண்ணெய் பம்பை வைத்தது. எனினும் இம்முறையைப் பரவலாக்கிய பெருமை ஜப்பானைச் சேரும். 1964இல் யமஹா நிறுவனம் 'ஒய்.ஏ.6' என்னும் 125 சி.சி. வண்டியில் 'ஆட்டோலூப்' என்ற பெயரில் பம்பை அறிமுகப்படுத்தியது. பிற ஜப்பானிய நிறுவனங்களும் விரைவில் தத்தம் பம்புகளோடு பின்தொடர்ந்தன.

இதன் தத்துவம் எளியது. எஞ்சின் சுழற்சி, பற்சக்கரங்கள் வழியாகப் பம்பினுள் இருக்கும் ஒரு சிறு தண்டை முன்னும் பின்னும் அசைக்கிறது. எஞ்சின் வேகமானால் தண்டின் அசைவு எண்ணிக்கை கூடும். திராட்டில் கேபிளின் ஒரு கிளை பம்பின் கப்பியைத் திருப்புகிறது. திராட்டிலைத் திறக்கத் திறக்க, தண்டு நகரும் தூரம் கூடும். ஆகவே வேகம், சுமை ஆகிய இரண்டையும் கணக்கில் கொண்டு எண்ணெய் செல்கிறது. திராட்டிலை மூடி மலை இறங்கும்போதும் சிறிதளவு எண்ணெய் உறுதியாகக் கிடைக்கும். தண்டு ஒவ்வொரு முறையும் குறிப்பிட்ட பருமனையே தள்ளுவதால், வெயிலும் குளிரும் அந்த அளவைப் பெரிதாக மாற்றுவதில்லை. சொட்டுக் குழாயின் குறையும் கலவையின் குறையும் இதில் ஒருங்கே நீங்கின.

இந்தியாவில் மைசூர்த் தொழிற்சாலை 'எஸ்டி ஆயில் கிங்' என்ற பெயரில் பம்பு வைத்த வண்டியைத் தந்தது. அதில் பம்பை நீக்கிவிட்டுக் கலவைக்கே திரும்பியோரும் உண்டு. 1983இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் 'ராஜ்தூத் 350', 1985இல் 'யமஹா ஆர்.எக்ஸ். 100' ஆகியவை ஆட்டோலூப் பம்போடு வந்தன. ஆர்.எக்ஸ். 100 தயாரிப்பு 1996இல் நின்றது. இன்று நம் சாலைகளில் ஓடும் அவ்வண்டிகள் ஒவ்வொன்றும் கால் நூற்றாண்டைக் கடந்தவை.

பம்பு எங்கே பழுதாகிறது?

பம்பின் மீது மெக்கானிக்குகள் கொண்ட அச்சம் காரணமற்றதன்று. பெட்ரோல் தீர்ந்தால் வண்டி நின்றுவிடும். பம்பு நின்றாலோ எந்த அறிகுறியும் இராது; பிஸ்டன் இறுகும்போதுதான் தெரியும். ஆனால் பழுதுகளைப் பிரித்துப் பார்த்தால், பம்பின் உலோகம் தேய்வது அரிது; அதைச் சுற்றியுள்ளவையே பெரும்பாலும் கெடுகின்றன என்பது விளங்கும்.

முதற்பகை காற்று. எண்ணெய்த் தொட்டி ஒருமுறை வறண்டாலும், குழாயைக் கழற்றி மாட்டினாலும் காற்றுக் குமிழ் புகுந்துவிடும். காற்று அமுங்கும், எண்ணெய் அமுங்காது. குமிழ் இருக்கும்வரை தண்டு அதை அமுக்கி விரித்துக்கொண்டிருக்குமே தவிர எண்ணெயைத் தள்ளாது. பம்பில் இதற்கென உள்ள திருகைத் திறந்து, குமிழில்லாத எண்ணெய் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும்.

இரண்டாவது கேபிள். அது நீண்டு தளர்ந்தால் கப்பி முழுதும் திரும்பாது. முழு வேகத்திலும் அரை அளவு எண்ணெயே செல்லும். கப்பியில் உள்ள குறியும் அதன் எதிரில் உள்ள முளையும், தயாரிப்பாளர் சொன்ன திராட்டில் நிலையில் நேராக நிற்க வேண்டும்.

மூன்றாவது தண்டின் குறைந்தபட்ச நகர்வு. ராஜ்தூத் 350 வகைப் பம்பில் இது 0.20 முதல் 0.25 மி.மீ. வரை. இடைவெளி அளக்கும் தகட்டால் இதை அளந்து, மெல்லிய வளையங்களைச் சேர்த்தோ நீக்கியோ சரிசெய்வர்.

நான்காவது ரப்பர் சீல்களும், எண்ணெய் செல்லும் வழியில் உள்ள சிறு குண்டு வால்வும். குண்டு சரியாக அமராவிட்டால், இரவெல்லாம் எண்ணெய் கசிந்து கிராங்க் அறையில் தேங்கும். காலையில் வண்டியைக் கிளப்பியதும் தெருவே புகை மண்டலமாகும். இதைப் "பம்பு அதிகமாகத் தள்ளுகிறது" என்று தவறாகக் கொள்வோர் உண்டு.

பழுது நீக்கியபின் உடனே பம்பை மட்டும் நம்ப வேண்டுவதில்லை. முதல் சில லிட்டர் பெட்ரோலில் எண்ணெயைக் கலந்து ஓட்டுங்கள். எண்ணெய்த் தொட்டியின் மட்டத்தைக் குறித்துக்கொண்டு, சில நூறு கி.மீ. கழித்துப் பாருங்கள். லிட்டருக்கு 40 கி.மீ. ஓடும் வண்டியில் சராசரி விகிதம் 40க்கு 1 என்றால், 1 லிட்டர் எண்ணெய் 1600 கி.மீ. வரும். மட்டம் இறங்கவே இல்லையென்றால் வண்டியை நிறுத்திவிடுங்கள். பம்பு வாய் திறந்து சொல்லாததை இந்தக் கணக்கு சொல்லிவிடும்.

கூடினால் நல்லதா?

"எண்ணெய் கூடினால் எஞ்சினுக்கு நல்லதுதானே" என்று கேட்பீர்கள். கலவையில் எண்ணெய் கூடினால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறையும்; எரிகலவை மெலிந்து எஞ்சின் மேலும் சூடேறலாம். எரியாத எண்ணெய் நீலப் புகையாக நம் நுரையீரலுக்கு வரும். 1998இன் இறுதியில் தில்லியில் இவ்வகை எண்ணெயை உதிரியாக விற்பதைத் தடுத்து, பெட்ரோல் பங்குகளே அளந்து கலந்து தர வேண்டும் என்று வகுத்ததற்கு, கைக்கு வந்தபடி ஊற்றும் பழக்கமே காரணம்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். மிகுந்த எண்ணெய் சைலன்சரில் கரியாகப் படியும். அந்தக் கரி கனன்று பொறியாக வெளிப்படக்கூடும். வெடிமருந்துக் கிடங்குகளுக்குள் செல்லும் வாகனங்களுக்குத் தீப்பொறித் தடுப்பான் வேண்டும் என்பதன் காரணம் பட்டாசுத் தொழில் செய்யும் ஊர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மருந்துக் கலவையில் விகிதத்தைக் கண்போல் காக்கும் ஊர், எஞ்சினின் விகிதத்தை மட்டும் குத்துமதிப்புக்கு விடலாமா?

பம்பைக் கழற்றினால் வண்டி ஓடும், அதில் ஐயமில்லை. ஆனால் அது 1964க்கு முந்தைய குறைகளோடு ஓடும். பழுதுபார்க்கவே முடியாத பம்பு என்றால் கலவையை அளந்து ஊற்றுவதே வழி. மற்றபடி ஒரு சீல், ஒரு கேபிள், காற்றை வெளியேற்றச் சில நிமிடப் பொறுமை ஆகியவையே பெரும்பாலும் தேவை. உங்கள் வீட்டில் அத்தகைய வண்டி இருந்தால், இன்றே எண்ணெய்த் தொட்டியில் ஒரு கோடு போட்டு வையுங்கள்.