எந்த முகவரியில் எந்த எண்: என்ஜின் ட்யூனிங் மென்பொருளின் வரலாறு

மெக்கானிக்குகள் இசியு என்று அழைக்கும் என்ஜின் கணினிக்கு முக்கியமான வேலைகள் இரண்டு. எவ்வளவு பெட்ரோலைத் தெளிப்பது, எந்தக் கணத்தில் தீப்பொறியைப் பற்றவைப்பது என்று அது தீர்மானிக்கிறது. இரண்டுக்கும் அதன் நினைவகத்தில் அட்டவணைகள் உண்டு. ஒரு பக்கம் என்ஜினின் சுழற்சி வேகம், மறுபக்கம் அதன் மேல் ஏறியிருக்கும் சுமை. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் உள்ள எண்ணைக் கணினி நொடிக்குப் பலமுறை எடுத்துப் பயன்படுத்துகிறது. ட்யூனிங் என்பது இந்த எண்களை மாற்றும் வேலை. மாற்றுவது எளிது; எந்த முகவரியில் எந்த எண் இருக்கிறது என்று அறிவதுதான் கடினம். கார் நிறுவனங்கள் அதை வாடிக்கையாளருக்குச் சொன்னதில்லை. அதைத் தாமாகக் கண்டறிந்தவர்களில் சிலர் பூட்டிவைத்து விற்றார்கள், சிலர் பொதுவில் வைத்தார்கள். விலைக்கு விற்கும் ட்யூனிங் மென்பொருளும் விலையில்லா மென்பொருளும் பிரிந்த இடம் இதுதான்.

கார்களுக்குள் கணினி வந்ததற்குப் பெரிய காரணம் வேகமன்று, புகை. அமெரிக்காவின் 1970ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டம் வெளியேற்றப் புகைக்குக் கடும் வரம்பு விதித்தது. அதற்காகப் புகைக்குழாயில் பொருத்திய கேட்டலிடிக் கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்ய, காற்றும் பெட்ரோலும் எடையில் 14.7க்கு 1 என்ற விகிதத்தை ஒட்டியே இருந்தாக வேண்டும். கார்புரேட்டரால் அந்தத் துல்லியத்தைக் காக்க முடியவில்லை. 1979இல் பாஷ் நிறுவனத்தின் மோட்ரானிக், பிஎம்டபிள்யூ 732ஐ காரில் எரிபொருளையும் பற்றவைப்பையும் ஒரே கணினியின் கீழ்க் கொண்டுவந்தது. 1981இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் அமெரிக்க பெட்ரோல் கார்களில் கணினிக் கட்டுப்பாட்டைப் பரவலாக்கியது.

அந்தக் கணினிகள் பலவற்றில் அட்டவணைகள் ஈப்ராம் எனும் சிப்பில் இருந்தன. இன்டெல்லில் டோவ் ஃப்ரோமன் 1971இல் உருவாக்கிய சிப் வகை இது. அதன் முதுகில் உள்ள கண்ணாடிச் சன்னல் வழியே சுமார் 20 நிமிடம் புற ஊதா ஒளி பட்டால் உள்ளிருப்பது அழியும். பிறகு புதிதாக எழுதலாம். 1980களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதைச் சுற்றி ஒரு தொழிலே எழுந்தது. காரின் சிப்பைக் கழற்றி, விற்பனையாளர் அனுப்பிய சிப்பைப் பொருத்தினால் போதும். வாங்கியவர் கைக்கு வந்தது அந்தச் சிப் மட்டுமே. உள்ளே எந்த எண் எவ்வளவு மாறியது என்று அவர் அறிய வழியில்லை. அந்த மறைவில்தான் விற்பனையாளரின் வருமானம் இருந்தது.

ஆனாலும் அது வெறும் மறைவுக்கான விலை என்று ஒதுக்கிவிட முடியாது. பற்றவைப்பை அளவுக்கு மீறி முன்னுக்குத் தள்ளினால் சிலிண்டருக்குள் கலவை தாறுமாறாக வெடித்து நாக்கிங் உண்டாகும். நீடித்தால் பிஸ்டன் உடையும். முழுச் சுமையில் பெட்ரோல் குறைந்தால் வெப்பம் ஏறி வால்வு கருகும். டைனமோமீட்டரில் ஏற்றிச் சோதித்த எண்களைத் தந்த நேர்மையான விற்பனையாளர், என்ஜின் பிழைத்திருக்கும் என்ற உறுதியையும் சேர்த்தே விற்றார். விலையில்லா மென்பொருள் எதுவும் அந்த உறுதியைத் தந்ததில்லை.

முகவரிகளைக் கண்டறிந்த முறை தனியே விரித்துச் சொல்லத் தக்கது. சிப்பின் உள்ளடக்கத்தைப் படித்தெடுத்தால் கிடைப்பது ஆயிரக்கணக்கான எண்களின் வரிசை மட்டுமே. அந்த எண்களை வரைபடமாக இட்டால், பெரும்பகுதி முள்ளும் முரடுமாகத் தெரியும். அது நிரல் கட்டளைகள் இருக்கும் பகுதி. நடுவில் ஓரிடத்தில் மட்டும் வழுவழுப்பான ஒரு சரிவு எழுந்து நிற்கும். என்ஜினின் தேவை படிப்படியாக மாறுவது என்பதால் அதன் அட்டவணையும் அப்படித்தான் தெரியும். இப்படி அட்டவணைகளைத் தேடித் தரும் வேலையைச் செய்து தொழிலாக வளர்ந்த மென்பொருள்தான் ஜெர்மனியின் வின்ஓஎல்எஸ். இன்னும் ஆழமாகப் போக வேண்டுமானால் கட்டளைகளையே ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்து, எந்தக் கட்டளை எந்த முகவரியைத் தொடுகிறது என்று பின்தொடர வேண்டும். ஒரே மாடலுக்குப் பல மாதங்களை விழுங்கக்கூடிய வேலை அது.

அந்த உழைப்பைக் கூலியின்றிச் செய்தவர்கள் 1990களில் பெருகினார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் கணினிகளுக்காக எழுந்த ட்யூனர்புரோ, முகவரிகளைத் தன் நிரலுக்குள் புதைக்காமல் தனிக் கோப்பாக வைத்தது. அந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். நிரலாளர் ஒருவராக இருந்தாலும் அறிவு பலரிடமிருந்து வந்து சேர இந்த அமைப்பு வழி செய்தது. விலையில்லா மென்பொருள்கள் நிலைத்து நின்றதற்கு இதைவிட முக்கியமான காரணம் வேறில்லை.

ஹோண்டா சிவிக் கார்களில் இந்த முயற்சி இன்னும் பரவலானது. 1992 முதல் 1995 வரை வந்த சிவிக்கின் பி28 எனும் இசியுவில், சிப்புக்கான இடம் பலகையில் காலியாகவே விடப்பட்டிருந்தது. 28 கால் சாக்கெட் ஒன்று, 74எச்சி373 என்ற லாட்ச் ஒன்று, ஜே1 என்று குறித்த இடத்தில் ஓர் இணைப்புக் கம்பி, இன்னும் சில சில்லறை உதிரிகள்: இவற்றை ஈயப்பற்று வைத்தால் வெளிச் சிப்பிலிருந்து கணினி ஓடத் தொடங்கும். க்ரோம், ஊபர்டேட்டா ஆகிய விலையில்லா மென்பொருள்கள் அந்தச் சிப்புக்கான அட்டவணைகளைத் திரையில் காட்டின. அதே கார்களுக்கு ஹோண்டேட்டா நிறுவனம் தன் மின்பலகையையும் மென்பொருளையும் விலைக்கு விற்றது. என்ஜின் ஓடும்போதே எண்ணை மாற்றும் வசதியும், ஓட்டத்தின் பதிவும், சிக்கல் வந்தால் கேட்க ஓர் இடமும் அதில் கிடைத்தன. போட்டி ஓட்டக்காரர்கள் அதை வாங்கினார்கள். பழைய சிவிக் வைத்திருந்த மாணவர்கள் ஈயப்பற்றுக் கருவியைக் கையில் எடுத்தார்கள்.

தொழிற்சாலைக் கணினியைத் திறக்கப் போராடுவதை விட்டுவிட்டு, புதிதாக ஒன்றைச் செய்தவர்களும் உண்டு. அமெரிக்கப் பொறியாளர்கள் புரூஸ் பௌலிங், அல் கிரிப்போ இருவரும் 2001இல் மெகாஸ்குவர்ட் என்ற இசியுவை, வாங்குபவரே கோத்துக்கொள்ளும் உதிரிப் பொட்டலமாக வெளிக்கொணர்ந்தார்கள். முதல் வடிவம் எரிபொருளை மட்டுமே பார்த்துக்கொண்டது. அதன் அட்டவணை எட்டுக்கு எட்டு கட்டம். மின்சுற்றும் நிரலும் படிக்கக் கிடைத்ததால் மற்றவர்கள் பற்றவைப்புக் கட்டுப்பாட்டைச் சேர்த்தார்கள், அட்டவணையைப் பெரிதாக்கினார்கள். பிந்தைய தலைமுறைகளின் நிரலை மெகாஸ்குவர்ட் பலகையில் மட்டுமே பயன்படுத்தலாம் என்று உரிமம் கட்டுப்படுத்தியது. ஆர்டுயினோ பலகையில் எழுந்த ஸ்பீடுயினோவும், எஸ்டிஎம்32 சிப்பில் எழுந்த ரஸ்இஎஃப்ஐயும் அந்தக் கட்டுப்பாடில்லாத ஜிபிஎல் உரிமத்தில் வந்தன. ஆயினும் இம்மூன்றையும் லேப்டாப்பிலிருந்து சரிசெய்யப் பெரும்பாலோர் பயன்படுத்துவது ட்யூனர்ஸ்டூடியோ. அதன் அடிப்படை வடிவம் இலவசம். ஓட்டத்தின்போதே எரிபொருள் அட்டவணையைத் தானே திருத்தும் வசதி வேண்டுமென்றால் பணம் கட்டிப் பதிய வேண்டும். கட்டற்ற இசியுவுக்கு விலை கொடுத்து வாங்கிய மென்பொருள் துணை நிற்பதை இந்த வட்டத்தில் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டார்கள்.

இதற்கிடையே சிப்பைக் கழற்றும் காலம் முடிந்துவந்தது. 1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்ற ஒவ்வொரு காரிலும் ஓபிடி-2 எனும் பழுதறி இணைப்பு கட்டாயமானது. நினைவகம் ஃபிளாஷ் வகைக்கு மாற, அதே இணைப்பு வழியே கேபிளைச் செருகி எண்களை மாற்ற முடிந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ்1 என்ஜினுக்கு எல்எஸ்1எடிட், இஎஃப்ஐலைவ், எச்பி ட்யூனர்ஸ் என்று வணிக மென்பொருள்கள் வரிசையாக வந்தன. மென்பொருளுக்கு ஒரு விலை என்ற கணக்கு இங்கே காருக்கு ஒரு விலை என்று மாறியது. எச்பி ட்யூனர்ஸில் ஒவ்வொரு காரையும் திறக்கக் கிரெடிட் வாங்க வேண்டும். சுபாருவுக்குக் கோப் நிறுவனம் விற்ற ஆக்சஸ்போர்ட் கருவி, ஒரு காரோடு இணைத்த பின் அதிலிருந்து விடுவிக்கும்வரை வேறு காரில் எழுதாது.

சுபாரு கார்களில்தான் விலையில்லாத் தரப்பு வணிகத் தரப்புக்கு நேருக்கு நேர் நின்றது. கோல்பி போல்ஸ் எழுதிய இசியுஃபிளாஷ் மென்பொருள் இலவசம், மூல நிரல் மூடியது. வருமானம் டாக்ட்ரிக்ஸ் பெயரில் வந்த ஓப்பன்போர்ட் கேபிளிலிருந்து வந்தது. என்ஜினுஇட்டி என்ற பெயரில் தொடங்கிய ரோம்ரெய்டர், மூல நிரலையும் திறந்து வைத்தது. டாஷ்போர்டுக்கு அடியில் தொங்கும் இரண்டு பச்சை இணைப்பான்களைச் சேர்த்தால் கார் எழுதும் நிலைக்கு வரும் என்பது அந்த வட்டாரத்தில் பொது அறிவானது. பாதியில் பேட்டரி இறங்கிவிட்டால் இசியு செயலிழக்கும் என்பதும் அவ்வாறே. கோப் நிறுவனம் பின்னாளில், அட்டவணை திருத்தும் தன் மென்பொருளை ஆக்சஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இலவசமாகத் தந்தது.

சட்டம் இதில் தாமதமாகவே நுழைந்தது. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு மின்னணுப் பதிப்புரிமைச் சட்டம் மென்பொருள் பூட்டை உடைப்பதைத் தடைசெய்திருந்தது. தன் காரின் கணினியைத் திறப்பதும் குற்றமா என்ற கேள்வி எழ, 2015இல் பழுதுபார்ப்புக்கும் சட்டத்துக்கு உட்பட்ட மாற்றத்துக்கும் விலக்கு கிடைத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் டிராக்டர் நிறுவனமான ஜான் டீரும் அதை எதிர்த்திருந்தன. புகைக் கட்டுப்பாட்டை நீக்குவதற்கு அந்த விலக்கு பொருந்தாது. புகை பெருகும் என்ற கவலை நியாயமானது. டீசல் பிக்கப் வண்டிகளில் முந்தைய பத்தாண்டில் 5,50,000க்கும் மேற்பட்டவற்றின் புகைக் கட்டுப்பாடு அகற்றப்பட்டதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2020இல் கணித்தது.

ஆனால் மிகப் பெரிய மோசடியைச் செய்தது ஒரு கார் நிறுவனம். சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் நிரலை டீசல் கார்களில் வைத்ததாக 2015 செப்டம்பரில் அம்பலமான ஃபோக்ஸ்வாகன் விவகாரத்தில் உலகெங்கும் ஏறத்தாழ 1.1 கோடி கார்கள் சிக்கின. அந்த ஆண்டு டிசம்பரில் ஹாம்பர்க்கில் ஃபெலிக்ஸ் டோம்கே, இசியுவின் நிரலைப் பிரித்து ஏமாற்று எங்கே இருந்தது என்று காட்டினார். 2017இல் ஜெர்மானிய, அமெரிக்க ஆய்வாளர்கள் 926 மென்பொருள் பிரதிகளைச் சோதித்து 406இல் ஏமாற்றைக் கண்டார்கள்; ட்யூனர்கள் வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்த உள் ஆவணங்கள் அவர்களுக்கு உதவின. முகவரிகளை அறியும் கலை பொதுவில் இருந்ததால் கிடைத்த நன்மைகளில் இதுவே ஆகப் பெரியது.

பூட்டுகளும் இதே காலத்தில் இறுகின. எல்எஸ்1 காலத்துக் கணினியின் பூட்டுக்கு 65,536 விடைகள்தான் உண்டு. பொறுமையிருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டே திறக்கலாம். 2017இல் வந்த ஜெனரல் மோட்டார்ஸின் டூராமாக்ஸ் டீசல் என்ஜினின் கணினியில் அது நடக்கவில்லை. திறந்த கணினி ஒன்றை விலைக்கு வாங்குவதே ட்யூனர்கள் கண்ட வழிகளில் ஒன்றானது. எல்எஸ்1 வகைக் கணினிகளுக்குப் பிசிஎம் ஹாமர் என்ற திறமூல மென்பொருள் வெளியானபோது அந்தக் கார்களுக்கு ஏறத்தாழ 20 வயது ஆகியிருந்தது. தொழிற்சாலை இசியுக்களைப் பொறுத்தவரை விலையில்லா மென்பொருள் அந்த அளவு பின்தங்கியே ஓடிவருகிறது. மாற்று இசியுக்களில் அத்தகைய இடைவெளி இல்லை; அங்கே முகவரிகளை எழுதியவர்களே அவற்றை வெளியிட்டும் விடுகிறார்கள்.