கட்டளையால் மூடியதா, தானாக அறுந்ததா? ரவுட்டர் சொல்லும் ஒரு வரலாறு



போன கிழமை உயர்தர வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது: "சேர், வீட்டு ரவுட்டரைப் போனிலேயே நாலு தட்டுத் தட்டிச் சரிசெய்யலாம். பிறகு ஏன் இந்தக் கறுப்புத் திரையில் வரி வரியாக எழுதப் பழக்குகிறீர்கள்?" நல்ல கேள்வி. பாதி பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறோம். பெற்றோரும் பெரியவர்களும் வாசிக்க வேண்டும் என்பதால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ரவுட்டர் என்றால் என்ன? சுன்னாகம் சந்தியில் நிற்கும் ஒருவரிடம் பருத்தித்துறைக்கு வழி கேட்கிறீர்கள் என்று வையுங்கள். அவர் முழு வழியையும் சொல்லத் தேவையில்லை. "இந்த வீதியால் நேரே புத்தூருக்குப் போங்கள், அங்கே கேளுங்கள்" என்றால் போதும். புத்தூரில் நிற்பவர் வல்லை வெளிப் பக்கம் கையைக் காட்டுவார். ரவுட்டர் செய்வதும் இதைத்தான். வருகிற ஒவ்வொரு தகவல் பொட்டலத்தின் முகவரியையும் பார்த்து, அடுத்த சந்தி எது என்று மட்டும் முடிவு செய்யும். அதற்கென்று ஒரு அட்டவணை அதனிடம் இருக்கிறது. தமிழில் வழிப்படுத்தி என்கிறோம்.

இந்த யோசனை பிறந்த கதை முக்கியம். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் போல் பாரன் என்ற பொறியியலாளர், போரில் ஒரு தொலைபேசி நிலையம் அழிந்தாலும் செய்தி போய்ச் சேர என்ன வழி என்று ஆராய்ந்தார். எல்லாக் கம்பிகளும் ஒரு மையத்தில் கூடினால், மையம் போனால் எல்லாம் போய்விடும். வலை போலப் பின்னினால் ஒரு வழி அறுந்தாலும் இன்னொரு வழி இருக்கும். 1969 ஒக்டோபர் 29ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்துக்கு முதல் செய்தி போனது. "லொகின்" என்று தட்டப் போனார்கள். இரண்டு எழுத்துப் போனதும் அங்கிருந்த கணினி விழுந்துவிட்டது. அந்த வலையில் சந்திக்காரர் வேலை பார்த்தது ஐம்ப் என்ற பெட்டி, இன்றைய ரவுட்டர்களின் பாட்டனார்.

1980களின் தொடக்கத்தில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு வகைக் கணினி வைத்திருந்தது. ஒன்றின் பாஷை மற்றதற்குப் புரியாது. பில் யேகர் என்பவர் பல பாஷைகளையும் கையாளும் ரவுட்டருக்கான மென்பொருளை எழுதினார். அங்கே வேலை செய்த லென் பொசாக், சாண்டி லேர்னர் என்ற கணவன் மனைவி 1984இல் சிஸ்கோ நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பல்கலைக்கழகத்தின் மென்பொருளைப் பயன்படுத்த 1987இல் முறையான உரிமம் பெற்றார்கள்.

அந்தப் பெட்டிகளுக்குத் திரையும் இல்லை, எலி மௌஸும் இல்லை. பின்புறம் கொன்சோல் என்ற ஒரு துளை. அதில் கேபிளைச் செருகி எழுத்தால் பேச வேண்டும். இன்றும் அப்படித்தான். எழுத்துக்குப் பெரிய வேகம் வேண்டாம், செக்கனுக்கு 9600 பிட் போதும். எழுதிய வரிகளைக் கோப்பில் வைத்திருக்கலாம், இன்னொரு பெட்டிக்கு அப்படியே கொடுக்கலாம், யார் எதை மாற்றினார் என்று பிறகு பார்க்கலாம். போனில் தட்டும் வசதி, செய்தவர் எதைக் காட்ட நினைத்தாரோ அதை மட்டுமே காட்டும். கட்டளை வரி எல்லாவற்றையும் காட்டும். மாணவனுக்குச் சொல்ல நினைத்த முதல் பதில் இது.

இனிப் புதியவர்களுக்கு ஒரு சிறு பாடம். கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே உச்சரிப்பைத் தமிழில் தருகிறோம்.

திரையில் ரவுட்டர்> என்று வரும். இந்த > குறி இருக்கும்போது நீங்கள் விருந்தாளி. பார்க்கலாம், மாற்ற முடியாது. எனேபிள் என்று தட்டினால் குறி # ஆக மாறும். இப்போது வீட்டுக்காரர். அடுத்து இவை:

கொன்பிகர் டேர்மினல்
ஹோஸ்ட்நேம் சுன்னாகம்
இன்டர்பேஸ் கிகாபிட்ஈதர்நெட் 0/0
ஐபி அட்ரஸ் 192.168.1.1 255.255.255.0
நோ ஷட்டவுன்
எண்ட்

முதல் வரி அமைப்பு அறையைத் திறக்கிறது. இரண்டாவது பெட்டிக்குப் பெயர் வைக்கிறது. மூன்றாவது, எந்த வாசலைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்கிறது. நான்காவது அந்த வாசலுக்கு முகவரி. 255.255.255.0 என்பதன் பொருள், முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருப்பவர்கள் ஒரே ஒழுங்கையில் இருக்கிறார்கள் என்பது. அந்த ஒழுங்கையில் 254 முகவரிகளுக்கு இடம் உண்டு. எந்த இடத்தில் முழித்தாலும் ? என்ற கேள்விக்குறியைத் தட்டுங்கள். அடுத்து என்ன எழுதலாம் என்று பெட்டியே சொல்லித்தரும்.

ஐந்தாவது வரியில் கொஞ்சம் நில்லுங்கள். இந்த ரவுட்டர்களின் வாசல்கள் புதிதாக வரும்போது மூடியே இருக்கும். கேபிள் செருகியிருந்தாலும், முகவரி கொடுத்திருந்தாலும், "மூடாதே" என்று ஒருவர் எழுதும்வரை ஒரு துணுக்கும் போகாது.

இப்போது ஷோ ஐபி இன்டர்பேஸ் ப்ரீஃப் என்று தட்டிப் பாருங்கள். வாசல்களின் நிலை வரிசையாக வரும். அதில் இரண்டு வகை "டவுன்" உண்டு. வெறும் "டவுன்" என்றால் கேபிள் கழன்றிருக்கலாம், அறுந்திருக்கலாம், மறுமுனைப் பெட்டி நின்றிருக்கலாம். "அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி டவுன்" என்றால் கட்டளையால் மூடப்பட்டிருக்கிறது. கேபிளை நூறு தடவை மாற்றினாலும் அது திறக்காது. கட்டளையால் மூடியதைக் கட்டளையால்தான் திறக்க முடியும்.

இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க எங்களுக்கு நம் ஊர் வரலாறே போதும்.

1990ஆம் ஆண்டை எடுங்கள். இலங்கைக்கு .எல்கே என்ற இணைய முகவரி கிடைத்தது அந்த வருடம். பேராசிரியர் அபய இந்துருவ முன்வைத்த திட்டத்தின் வழியே பல்கலைக்கழகங்களுக்கிடையே லேர்ன் என்ற மின்னஞ்சல் சேவை தொடங்கியதும் அந்த வருடம்தான். 1994இல் மொறட்டுவை, கொழும்பு, திறந்த பல்கலைக்கழகங்கள் ரவுட்டர்களால் ஒரே வலையாகின. 1995இல் காசு கட்டி எவரும் இணையம் பெறலாம் என்ற நிலை கொழும்பில் வந்தது.

அதே 1990 யூனில் இங்கே யுத்தம் மீண்டும் தொடங்கியது. கரண்ட் போனது, தொலைபேசி போனது. மின்நிலையத்தால் பெயர் தெரிந்த சுன்னாகம், ஜாம் போத்தலில் சிக்கன விளக்கு வைத்துப் படித்தது. சைக்கிள் டைனமோவை மிதித்து வானொலி கேட்டது. யுத்தத்தில் அறுந்தவை பல. மண்ணெண்ணெயும் பற்றரியும் வராததோ பொருளாதாரத் தடையால், அதாவது கட்டளையால். ஆனையிறவுப் பாதை மூடியபோது சனங்கள் கொம்படி, ஊரியான் என்று வழி தேடினார்கள், பிறகு கிளாலிக் கடலால் படகில் போனார்கள். ஒரு வழி மூடினால் இன்னொன்று வேண்டும் என்று போல் பாரன் காகிதத்தில் எழுதியதை இடுப்பளவு தண்ணீரில் நடந்து கற்றவர்கள் நம்மவர்கள்.

அந்த வருடம் ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு ஒலிபெருக்கியில் கட்டளை வந்தது. ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கம் ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள். அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து 70,000க்கும் அதிகமான முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். எங்கள் வாப்பா உம்மாமார் கையில் அகப்பட்டதோடு நடந்தார்கள். அயல் வீட்டுத் தமிழர்கள் அழுதுகொண்டு வழியனுப்பியதையும் அவர்கள் எங்களுக்குச் சொல்லித்தான் வளர்த்தார்கள். இரு வீட்டுக்கும் இடையில் இருந்த உறவு தானாக அறுந்ததல்ல. மேலிருந்து வந்த ஒரு கட்டளை அதை மூடியது.

சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995இல், அதே ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இரவோடிரவாகத் தென்மராட்சி நோக்கி நடந்தது. சுன்னாகமும் நடந்தது. இந்த இரண்டு திகதியும் ஒன்றுதான் என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? வகுப்பில் கேட்டோம். ஒரு கையும் உயரவில்லை.

இதனால்தான் பாடத்தின் கடைசி வரியை இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்:

கொப்பி ரன்னிங்-கொன்பிக் ஸ்டார்ட்டப்-கொன்பிக்

ரவுட்டரிடம் இரண்டு நினைவு உண்டு. நீங்கள் இப்போது எழுதியதெல்லாம் ஓடுகிற நினைவில் இருக்கும். கரண்ட் போனால் அது அழிந்துவிடும். மேலே உள்ள வரியைத் தட்டினால்தான் அது நிலைத்த நினைவுக்குப் போகும், பெட்டி மறுபடி எழும்பும்போது தன் பெயரும் வாசலும் வழியும் அதற்குத் தெரிந்திருக்கும். புதியவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது இதை மறப்பார்கள். நாங்களும் மறந்திருக்கிறோம். ஒரு பின்னேரம் முழுக்கச் செய்த வேலை ஒரு மின்வெட்டில் போனது.

இன்னொரு பழக்கம். தூரத்திலிருந்து ஒரு ரவுட்டரில் ஆபத்தான மாற்றம் செய்யும் முன் ரீலோட் இன் 10 என்று எழுதுவார்கள். பத்து நிமிடத்தில் பெட்டி தானே மறுபடி எழும்பும். உங்கள் மாற்றம் பிழைத்து நீங்களே வெளியே பூட்டப்பட்டுவிட்டால், பெட்டி பழைய சேமிப்போடு எழும்பி உங்களை உள்ளே விடும். எல்லாம் சரி என்றால் ரீலோட் கான்சல். இந்த எச்சரிக்கை வீண் அல்ல. 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி பேஸ்புக் நிறுவனத்தில் பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய முழு வலையையும் துண்டித்தது. பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் ஆறு மணித்தியாலம் அளவில் உலகம் முழுக்க நின்றன. பொறியியலாளர்கள் நேரே கட்டிடத்துக்குள் போய்த்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. 2008 பெப்ரவரி 24ஆம் திகதி பாகிஸ்தானில் யூடியூபை உள்நாட்டில் தடுக்கப் போட்ட வழி அறிவிப்பு வெளியே கசிந்து, உலகின் பல பகுதிகளில் யூடியூப் இரண்டு மணித்தியாலம் அளவில் காணாமல் போனது.

நம் நாட்டுக்கு வருவோம். 2018 மார்ச்சில் கண்டி, திகனப் பக்கம் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றைத் தடுத்தது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகும், 2022 ஏப்ரலில் மக்கள் வீதிக்கு வந்தபோதும் தடை வந்தது. வெறுப்புப் பொய்கள் பரவுவதைத் தடுக்க வேண்டியிருந்தது உண்மை. அதே நேரம் கண்டியில் இருந்த சொந்தங்களின் சுகம் விசாரிக்க முடியாமல் நாங்கள் தவித்ததும் உண்மை. இரண்டையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ரவுட்டரில் அக்சஸ் லிஸ்ட் என்றொரு அனுமதிப் பட்டியல் எழுதலாம். அதில் ஒரு விதி உண்டு: பட்டியலில் அனுமதி என்று எழுதப்படாத எல்லாவற்றுக்கும் கடைசியில் தடைதான். அந்தக் கடைசி வரி திரையில் தெரியாது, ஆனால் வேலை செய்யும். பட்டியலில் பெயர் இல்லாத மனிதர்களுக்கு என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆகவே, பிள்ளைகளே, கட்டளை வரியைப் பழகுவது வேலைக்காக மட்டும் அல்ல. வேலையும் கிடைக்கும், அது வேறு கதை. ஒரு வழி மூடியிருந்தால் அது அறுந்ததா, மூடப்பட்டதா என்று கேட்கத் தெரிந்தவராக நீங்கள் வர வேண்டும். மூடப்பட்டதென்றால் யார் கட்டளை, எங்கே எழுதியிருக்கிறது என்று தேடத் தெரிய வேண்டும். ஒருநாள் # குறிக்கு முன்னால் நீங்களே உட்காரும்போது, ஒரு வரியால் எத்தனை வீடுகள் இருளும் என்று யோசித்துவிட்டு எண்டர் தட்ட வேண்டும்.

பழக ரவுட்டர் வாங்கத் தேவையில்லை. சிஸ்கோவின் பக்கெட் ட்ரேசர் என்ற மென்பொருளை அவர்களுடைய கல்வித் தளத்தில் பதிந்து இலவசமாக எடுக்கலாம். திரையிலேயே இரண்டு ரவுட்டர் வையுங்கள். ஒன்றுக்குச் சுன்னாகம், மற்றதற்குப் புத்தளம் என்று பெயர் வைத்து இணைத்துப் பாருங்கள். பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும். நடுவில் நோ ஷட்டவுன் மறந்தால் என்ன நடக்கிறது என்றும் பாருங்கள்.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். 1930 முதல் 1958 வரை இந்தச் சுன்னாகத்திலிருந்துதான் நா. பொன்னையா தொடங்கிய ஈழகேசரி பத்திரிகை வந்தது. அச்சில் இருந்ததால் அந்தக் கால ஊரை இன்றும் நாங்கள் வாசிக்க முடிகிறது. ஆனால் 1990க்கு முந்திய நம் ஒழுங்கைகள், கடைகள், பள்ளிக்கூட வகுப்புகள், நோன்பு காலத்தில் தமிழ் வீட்டுக்குப் போன கஞ்சி, பொங்கலுக்கு முஸ்லிம் வீட்டுக்கு வந்த பானை, இவையெல்லாம் இன்னும் உங்கள் ஓடுகிற நினைவில்தான் இருக்கின்றன. பேரப்பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, போனிலாவது பேசிப் பதிந்து வையுங்கள். ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது.

அல்லாஹ் நம் எல்லோருடைய வழிகளையும் திறந்து வைப்பானாக. பாடத்தில் சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறோம்.